மீனம்பாளின் கம்பிச் சீப்பு

மல்லாட்டை ஆய்கிற காலம் வந்தால் மீனம்பாளின் விரல்கள் வெடித்துவிடும். செஞ்சிப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து ஒவ்வொரு காயாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஈர மண் நகக்கண்ணில் ஏறி எரியும். அந்த நாட்களில் கையால் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால்தான் சாப்பிடுவாள். மேல்மலையனூர் சாலையில் சொந்தமாகக் கொல்லை நிலம் கொஞ்சம் இருந்தது. அந்த வேலை முடிந்தால் அடுத்தவர் கொல்லைக்குக் கூலிக்குப் போவாள். கணவர் தனகோட்டி செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை அறுவடையோடு சேர்ந்துகொண்டது. செடியைப் பிடுங்கிக் குவித்தாயிற்று, ஆய்வதற்கு ஆள் கிடைக்கவில்லை. குவியலுக்குள் காய் முளைவிட ஆரம்பித்தது. ஆத்திரத்தில் மீனம்பாள் ஒரு செடியை எடுத்து, வாசலில் சாய்த்து வைத்திருந்த ஜன்னல் கிரில்லின் மேல் ஓங்கி அடித்தாள். செடி கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தபோது சில காய்கள் மட்டும் அந்தப் பக்கம் உதிர்ந்தன. அவள் உதிர்ந்த காய்களைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள்.

"இன்னாங்க, இந்தக் கம்பிய நெருக்கி வெச்சா செடி வந்துடும், காய் நின்னுடுமில்ல?"

"கிரில்ல ஒடைக்காத. நாளைக்கு டெலிவரி குடுக்கணும்" என்றார் தனகோட்டி. ஆனாலும் மறுநாள் பழைய சைக்கிள் ஸ்போக்குகளை வரிசையாக நட்டு, சீப்பு மாதிரி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். அது காயை உடைத்தது. அடியில் ஸ்பிரிங் வைக்கச் சொன்னாள் மீனம்பாள். இழுக்கிற இழுப்புக்குக் கம்பி கொஞ்சம் வளைந்து கொடுத்தது, காய் முழுசாக விழுந்தது. அந்தக் குவியலை ஒரே ஆளாக அவள் ஆய்ந்து முடித்தாள். தெருப் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். அடுத்த போகத்தில் அந்தச் சீப்பு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த வேளாண்மை அலுவலர் ஒருவர்தான், "இதுக்குப் பேட்டன்ட் எடுத்துடும்மா. இல்லன்னா வேற எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் சுவாதி அது என்னவென்று விசாரித்து வந்தாள். "யாருமே இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கக் கூடாதும்மா. உலகத்துல எங்கியுமே. மொதல்ல அதத் தேடணும்."

"உலகம் பூரா எப்பிடிடீ தேடறது?"

போனில் தேடலாம் என்றாள் மகள். காப்புரிமைகளை இலவசமாகப் பார்க்கும் இணையதளங்கள் இருந்தன. சுவாதி ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேட, பக்கத்தில் உட்கார்ந்து மீனம்பாள் படங்களைப் பார்த்தாள். எழுத்து புரியவில்லை, படம் புரிந்தது. சுழலும் பீப்பாய்கள், டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற பெரிய யந்திரங்கள். ஏதோ ஒரு தேசத்தில், அவள் தாத்தா பிறப்பதற்கும் முன்னால், எவரோ ஒருவர் கையால் வரைந்த கடலை யந்திரமும் இருந்தது. அதிலும் கம்பிகள் வரிசையாக நின்றன. அவள் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். ஆனால் அந்தக் கம்பிகள் அசையாதவை, ஸ்பிரிங் இல்லை.

வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்தாளு பொண்டாட்டிக்கும் வெரல் வெடிச்சிருக்கும் போல" என்றாள்.

ஸ்பிரிங் வைத்த சீப்பு எங்கும் அகப்படவில்லை. மூவரும் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். காப்புரிமை வக்கீல் பிரவீணா அவர்களுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தானும் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அனுப்பி வைத்தார்.

இரண்டாம் முறை போனபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஸ்பிரிங் வச்ச சீப்பு ஒண்ணு கிடைச்சிருக்கும்மா. அப்படியே உங்களுது மாதிரியே இருக்கு" என்று கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பிச் சீப்பில் செடியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இது நான்தான்!" என்றாள் மீனம்பாள்.

சுவாதி தலையைக் குனிந்துகொண்டாள். போன வருஷம் ஆசையாக அவள் எடுத்துப் போட்ட வீடியோ அது. லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள்.

"விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி உலகத்துக்குக் காட்டிட்டா அது புதுசு இல்லைன்னு ஆயிடும்மா. காட்டினது நீங்களாவே இருந்தாலும்" என்றார் பிரவீணா.

"என் பொருள நானே திருடிட்ட மாதிரி சொல்றீங்களே மேடம்" என்றாள் மீனம்பாள். சுவாதி அழுதுவிட்டாள். தனகோட்டிக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஃபேனை நிறுத்தச் சொன்னார், சத்தமாக இருக்கிறது என்று.

மீனம்பாள் மகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "வுடுடீ. அத்தினி பேரு உங்கம்மாவப் பாத்திருக்காங்க. அதுக்கா அழுவற?"

பிரவீணா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். "அந்த வீடியோவுக்கு அப்புறம் இதுல ஏதாவது மாத்தியிருக்கீங்களா?"

மாற்றியிருந்தார்கள். ஆயும்போது தழை கம்பிக்குள் சிக்கி அடைத்துக்கொள்ளும், குனிந்து பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு விட்டுப்போகும். அதற்காக மீனம்பாள் காலடியில் ஒரு மிதி வைக்கச் சொல்லியிருந்தாள். மிதித்தால் கம்பி வரிசை இரண்டாகப் பிரிந்து தழையைக் கீழே தள்ளும். காலை எடுத்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். சரியாக வராததால் அது பட்டறையிலேயே கிடந்தது. வெளியாள் யாரும் பார்த்ததில்லை.

"அப்போ அதுக்குப் போடலாம்" என்று பிரவீணா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்டுபிடிச்சவர் பேரு? தனகோட்டின்னு எழுதிக்கட்டுமா?"

"நான் பத்தவெச்சவன் மேடம். இது அவ மூளை" என்றார் தனகோட்டி. "அவ பேரயே போடுங்க."

விண்ணப்பிப்பவர் பெண் என்றால் சீக்கிரம் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வழி இருந்தது, கேட்டார்கள். ஆனாலும் பரிசோதகர் ஆட்சேபங்களை எழுதி அனுப்பினார். மிதிவைத்த பழைய யந்திரங்கள் சிலவற்றைக் காட்டி, இதில் என்ன புதுசு என்று கேட்டிருந்தார். அவை எல்லாம் பீப்பாயைச் சுற்றுவதற்கான மிதிகள், கம்பியைப் பிரிப்பதற்கானவை அல்ல என்று பிரவீணா பதில் எழுதினார். கேட்டிருந்த உரிமையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டியும் வந்தது. கடைசியில் காப்புரிமை கிடைத்தது. மிதிக்கு மட்டும்.

அதற்குள் மிதி இல்லாத வெறும் சீப்பை மற்றவர்கள் ஊருக்கு ஊர் செய்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். எல்லாம் வீடியோவைப் பார்த்துச் செய்தவை. விண்ணப்பம் போட்டபின் மிதியைச் சரிசெய்து, மிதிச் சீப்பைத் தனகோட்டி மட்டும்தான் விற்றுவந்தார். அவலூர்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் மிதியோடேயே செய்கிறார்கள் என்று தெரிந்ததும் தனகோட்டி குதித்தார். "நோட்டீஸ் வுடலாம்! கோர்ட்டுக்கு இழுக்கலாம்!"

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று மீனம்பாள் தனியாகப் பஸ் ஏறினாள்.

பட்டறைக்காரர் பெயர் ஜெயக்கொடி. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த வெல்டிங் ராடைக் கீழே வைத்தார்.

"அக்கா, நீங்க வீடியோல வந்தவங்க இல்ல?"

"ஆமா. சீப்ப நீ எத்தினி வேணா செய், அதுல எனக்கு ஒண்ணும் பாத்தியத இல்ல. ஆனா இந்த மிதி என்னுது. செய்யணும்னா என்னையும் கேக்கணும்."

ஜெயக்கொடி தலையைச் சொறிந்தார். பக்கத்துக் கடையிலிருந்து குடிக்கக் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார். தங்கச்சி மாமியார் வீட்டில் ஒன்றைப் பார்த்து, அதே மாதிரி செய்ததாகச் சொன்னார். பொய் சொல்கிறவர் மாதிரி தெரியவில்லை. அடுத்த வாரம் பிரவீணா எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இனி அங்கே செய்கிற ஒவ்வொரு மிதிச் சீப்பிலும் அவள் பெயர் இருக்க வேண்டும் என்பது மீனம்பாள் கேட்டுச் சேர்த்தது.

முதல் சீப்பைப் பார்க்க அவளே போனாள். பச்சைப் பெயின்டின் மேல் மஞ்சளில் பளிச்சென்று 'மீனாம்பாள்' என்று எழுதியிருந்தார் ஜெயக்கொடி.

"என் பேருக்கு எதுக்குய்யா துணைக்கால்? அழி."

அவர் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, மறுபடி எழுதினார். பெயின்ட் காயும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டுத்தான் மீனம்பாள் செஞ்சிக்குப் பஸ் ஏறினாள்.