ஆடிக்கு ஒரு ஆயில், தைக்கு ஒரு ஆயில்

ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். அந்தக் கேள்வி என் கணவரின் ஒரு லீவை முழுசாக விழுங்கியிருக்கிறது. என் லீவையும் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் லீவில் வந்தால்தானே எனக்குக் குடித்தனம்!

அவர் பட்டாளத்தில் டிரைவர். எங்கோ பனிமலையில் லாரி ஓட்டிவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை ராஜபாளையம் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமாவும்தான். மாமா என்றால் என் மாமனார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் மகன் லீவில் வந்துவிட்டால் போதும், வீடு கல்யாண வீடாகிவிடும். அவருடைய செட்டியார்பட்டி அத்தை பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்குவாள். சித்தப்பாமார் காலையில் வந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். பகலில் புருஷனோடு நாலு வார்த்தை பேச எனக்கு முறையே வராது. ராத்திரி பேசலாமே என்பீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை இருமிக்கொண்டே படுத்திருந்தால் என்ன பேச்சு வரும்?

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி முதல் லீவில் வந்தவர், பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். முதல் பயணம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, ஆண்டாளைச் சேவிக்க. முன் சீட்டில் மாமா. பின் சீட்டில் அத்தை, அத்தை மகள்கள், அவர்கள் மடியில் பிள்ளைகள், மூலையில் ஒடுங்கி நான். அவருடைய பின் மண்டையைப் பார்த்துக்கொண்டே போய், பின் மண்டையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

ரயிலேறுவதற்கு முந்தின நாள் அடுக்களைப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அடுத்த லீவுல நாம ரெண்டு பேரு மட்டும் போறோம்ட்டி. நீ முன் சீட்டுல உக்காந்து வாரே."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த வருஷத்தை ஓட்டினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் குறுக்கே பேசாமல், பகல் வெளிச்சத்தில் ஒரு அரைமணி நேரம். எனக்கு அது போதுமாக இருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கிளம்பும்போது அவர் மாமாவிடம் ஒரு ஆயில் டின்னைக் கொடுத்து, "அய்யா, வண்டி ஓடினாலும் சரி ஓடாட்டாலும் சரி, ஆறு மாசத்துல மெக்கானிக்கக் கூப்பிட்டு ஆயில மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்குத் தெரிந்த ஒரே என்ஜின் எங்கள் கிணற்று பம்புசெட். அது எத்தனை நாள் ஓடியது என்று பார்த்துத்தான் ஆயில் மாற்றுவார். ஆறு மாதம் ஆனதும் நான் நினைவுபடுத்தினேன்.

"நாள் முச்சூடும் ஓடுத பம்புசெட்டுக்கு மாத்தணும், நாயம். கொட்டகைல சும்மா கெடக்க வண்டிக்கு எதுக்குத்தா? உழாத மாட்டுக்கு லாடம் அடிப்பாவளா?" என்றார். அந்த டின் ஆயில் நேராக பம்புசெட்டுக்குப் போய்விட்டது.

அதோடு விட்டாரா? வண்டியைச் சும்மா போட்டு வைத்தால் மூதேவி அடையும் என்று வெள்ளிக்கிழமை பூஜை ஒன்றை ஆரம்பித்தார். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றுவார். ஓட்டத் தெரியாது, ஆனால் சாவியைத் திருகத் தெரியும். கற்பூரம் எரிகிறவரை என்ஜின் ஓடும். கற்பூரம் அணைந்ததும் சாவியைத் திருப்பி அமர்த்திவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்வார். வாரம் தவறாமல் நடந்தது. வண்டியை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று நானும் நம்பிவிட்டேன்.

அடுத்த லீவில் வந்த அன்றே அவர் பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். மூடியின் அடியில் வெளுத்த பசை அப்பியிருந்தது, திரிந்த பாலை வழித்து வைத்த மாதிரி. அவர் முகம் செத்துவிட்டது. பூஜை விவரத்தைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யா, என்ஜின் நல்லா சூடேறினாத்தான் உள்ள வேர்க்கிற தண்ணி ஆவியாப் போவும். செத்த நேரம் ஓட்டி அமத்துனா அம்புட்டுத் தண்ணியும் ஆயில்லதான் கலக்கும். ஆயிலும் மாத்தல. பொறவு என்ஜின் என்னத்துக்கு ஆகும்?"

பழைய என்ஜின், ஏற்கெனவே தேய்ந்தது. கிளப்பினால் உள்ளே டொக் டொக்கென்று இடித்தது. பட்டறையில் பிரித்துப் போட்டார்கள். ஒரு சாமான் மதுரையிலிருந்து வந்தால் இன்னொன்று வராது. அவர் காலையில் பட்டறைக்குப் போனால் இருட்டிய பிறகு கிரீஸ் கையோடு வருவார். வண்டி சரியாகி வீட்டுக்கு வந்த மறுநாள் அவருக்கு ரயில்.

அவர் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "கற்பூரத்தக் காட்டியே கொன்னுட்டியளே மாமா!" என்று நடுவீட்டில் நின்று கத்திவிட்டேன். வண்டியை என்று மாமா நினைத்திருக்கலாம். நான் அழுதது வண்டிக்காக இல்லை.

மாமா கோபப்படவில்லை. துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "அந்தச் சத்தம் கேட்டா, அவன் வெளிய போக வண்டிய எடுக்கான்னு இருக்கும்த்தா. அதுக்குத்தான்" என்றார். நான் ஒருத்திதான் காத்துக் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

என் கணவர் கடிதத்தில் இரண்டு கட்டளை போட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில், ஒரு மைல்கூட ஓடாவிட்டாலும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்பி என்ஜினைச் சூடேற்ற வேண்டும். ஓட்டுவது நீதான் என்றும் எழுதியிருந்தார். நான் டிரைவிங் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். சேலை கட்டிய பெண் கியர் போடுகிறாள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே!

மாமா மாறிப்போனார். தேதியெல்லாம் அவருக்கு நினைவில் நிற்காது. ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் ஒன்று, தைப் பொங்கலுக்கு முன்னால் ஒன்று என்று கணக்கு வைத்து, மெக்கானிக்கை அவரே கையோடு கூட்டி வருவார். "அவ்வளவா ஓடலையே பெரியவரே, இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று மெக்கானிக் சொன்னால், "ஓடாததுக்குத்தாம்லே மாத்தணும்" என்று சண்டைக்குப் போவார். நான் வண்டியை எடுக்கிற நாளில் எனக்கு முன்பே வெள்ளை வேட்டியோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பார். பேச்சுத் துணைக்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது.

அடுத்த லீவில் அவர் வந்தார். வண்டி எடுக்கும் நாள். நான் வளையலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் மாமா வழக்கம்போல முன் சீட்டில். என் கணவர் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார், விருந்தாளி மாதிரி. சாவியைத் திருகினேன். என்ஜின் மெத்தென்று ஓடியது. இந்த ஜென்மத்தில் எனக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். திரும்பிப் பின்னால் மகனைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"காட்டுல தண்ணி பாச்சணும். மறந்தே போச்சு" என்றார். முந்தின நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. "ஏலே, முன்னால வந்து உக்காருலே."

"நீங்களும் வாங்க மாமா" என்றேன், ஒப்புக்கு.

"பேசாமப் போத்தா." கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்தார். "ஸ்ரீவில்லிபுத்தூரோட திரும்பிராதிய. கிருஷ்ணன்கோவில் தாண்டிப் போயிட்டு மெதுவா வாங்க. என்ஜின் நல்லா சூடாகணும்லா."