அணைக்க முடியாத வண்டி

முப்பது வருஷமாகத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன் நான். பேரிங் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று வாசலில் நின்றபடியே காதால் கேட்டுச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலையில், ஏழு பேர் உட்காரக்கூடிய புத்தம்புது எஸ்.யு.வி.யில் தன்னந்தனியாக, பினாங்குப் பாலத்தின் நடுவில், வண்டியை அணைக்கவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த வண்டியை நான் வாங்கியதே கோபத்தில்தான். கோபம் என் அக்கா மேல்.

நான் பினாங்குத் தீவில் இருக்கிறேன். அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தான் தவறிப்போனார். பதினாறாம் நாள் கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுபோய் அவள் மேல் போர்த்த வேண்டியவன் நான். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்குப் பதிலாக நிற்க வேறு ஆள் கிடையாது. சடங்கு பத்து மணிக்கு. என் பழைய கார் பாதி வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில், புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அக்கா முற்றத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தாளாம். கடைசியில் யாரோ கடைக்கு ஓடி ஒரு சேலை வாங்கி வர, அத்தானின் உறவுக்காரர் ஒருவர் அதைப் பிறந்த வீட்டுச் சேலை என்று சொல்லிப் போர்த்தியிருக்கிறார். நான் கிரீஸ் அப்பிய கையோடு சேலைப் பையை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

"உனக்கு எப்பவுமே காடி ஒரு சாக்குடா," என்றாள், என் காரைக் காட்டி. அத்தனை பேர் முன்னாலும்.

நான் பையைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு வாய்ச் சோறு சாப்பிடாமல் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு தீபாவளி போயிற்று.

இனிமேல் வழியில் நிற்காத வண்டிதான் என்று வீம்பு பிடித்துத்தான் இதை வாங்கினேன். வண்டியை ஒப்படைக்க வந்த விற்பனைக்காரத் தம்பி ஒரு மணி நேரம் விளக்கினார். சாவியைச் சொருக வேண்டாம், சட்டைப் பையில் இருந்தால் போதும், பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் ஓடும். கைப்பிரேக்குக்கும் ஒரு பொத்தான். சிக்னலில் நின்றால் பெட்ரோல் எண்ணெயை மிச்சப்படுத்த இஞ்சின் தானாகவே அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகவே ஓடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் போனதும் முன்மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. தொட்டுத் திருகுவதற்கு ஒன்றுமே இல்லை. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

வண்டி வந்த மூன்றாம் நாள், அக்காவின் மகள் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தாள். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. சனிக்கிழமை பெருநிலத்தில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன், பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். இருதயமும் பலவீனமாக இருப்பதால் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கடைசி வரி இது: 'அம்மா உங்களக் கேட்டாங்க மாமா.'

அதைப் படித்ததும் வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் உள்ளே போவதற்கு முன்னால் என் முகத்தை அவள் பார்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"பூசை போடாத காடியில கடலத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவீங்களா? ஒரு பத்து நிமிசம்தாங்க," என்றாள் மனைவி. எட்டரைக்கெல்லாம் எங்கள் வட்டாரக் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்க்கிறாள். அங்கே அரை மணி நேரம் அனுமதி கேட்டுவிட்டுத் தன் மோட்டார்சைக்கிளில் வந்திருந்தாள்.

குருக்கள் முறைப்படியே செய்தார். "இஞ்சின் ஓடட்டும் ஐயா, அணைக்க வேணாம். சாவிய மட்டும் தட்டுல வைங்க," என்றார். நானும் வண்டியை ஓடவிட்டு இறங்கி, சாவியைத் தாம்பாளத்தில் வெற்றிலை மேல் வைத்தேன். வண்டி பீப் பீப் என்று கத்தியது. குருக்கள் முன்கண்ணாடியில் சந்தனப் பட்டை போட்டார், சக்கரங்களுக்குப் பொட்டு வைத்தார், பின்பக்கம் போய் அங்கே இருந்த குட்டிக் கேமராவுக்கும் ஒரு பொட்டு வைத்தார். சூடம் காட்டி முடித்ததும், "சாவிய சாமி காலடியில வச்சு எடுத்தாறேன்," என்று தட்டோடு உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. அக்கா மகள்தான்.

"மாமா, டைம மாத்திட்டாங்க. பத்து மணிக்கே உள்ள கொண்டு போறாங்களாம். எங்க இருக்கீங்க?"

"கெளம்பிட்டேன்மா," என்றேன். தாவி ஏறினேன். நாலு சக்கரத்துக்கும் அடியில் இருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி அப்படியே சாலையில் இறங்கியது. மனைவி என்னவோ கையை ஆட்டினாள். வழியனுப்புகிறாள் என்று நினைத்தேன். விபூதியை வாங்காமல் போகிறேனே என்று கூப்பிட்டாளாம். சாவியின் நினைவு அவளுக்கும் வரவில்லை. இருபத்தைந்து வருஷமாக இரும்புச் சாவியைத் துவாரத்தில் திருகி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. வண்டி ஓடினால் சாவி அதில் இருக்கிறது என்று அர்த்தம். ஓடுகிற வண்டிக்குச் சாவி எங்கே என்று யார் தேடுவார்கள்?

முன்பலகையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ எழுத்து மின்னியது. மூக்குக்கண்ணாடி போடாமல் என்னால் அதைப் படிக்க முடியாது. புது வண்டி, கொஞ்சம் சிணுங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

பாலத்தில் ஏறிக் கால்வாசி தூரம் போனதும் முன்னால் எல்லா வண்டிகளிலும் சிவப்பு விளக்கு. எங்கேயோ லாரி ஒன்று மோதி நிற்கிறது போலிருக்கிறது. இரண்டு பக்கமும் கடல், முன்னாலும் பின்னாலும் வண்டிகள். ஒன்பதே கால். அப்போது கைப்பேசி அடித்து, வண்டியின் ஒலிபெருக்கியில் மனைவியின் குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

"என்னாங்க! சாவி இங்க இருக்கு!"

"எங்க?"

"சாமி காலடியில! குருக்கள் உள்ள பூசைய முடிச்சிட்டு இப்பதான் கொண்டாந்து குடுக்கிறாரு. நீங்க எப்படிங்க ஓட்டிக்கிட்டுப் போறீங்க?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மஞ்சள் எழுத்தைப் படித்தேன். சாவி வண்டிக்குள் இல்லை என்றுதான் அது அவ்வளவு நேரமும் கெஞ்சிக்கொண்டிருந்தது. விற்பனைக்காரத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணும் பயப்படாதீங்க அண்ணே. இஞ்சின் ஓடுற வரைக்கும் பிரச்சினை இல்ல. ஆனா ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. பண்ணிட்டா முடிஞ்சது லா. சாவி வர்ற வரைக்கும் ஸ்டார்ட் ஆகாது. தள்ளக்கூட முடியாது, கியர் லாக் ஆயிடும்."

அவர் போனை வைத்த மறுநிமிஷம் இஞ்சின் நின்றது.

எனக்கு உயிரே போய்விட்டது. ஏசி காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பாலத்தின் நடுவில், எனக்குப் பின்னால் ஆயிரம் வண்டிகள் இருக்க, முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்புறம்தான் அது எண்ணெய் மிச்சப்படுத்துகிற வேலை என்று நினைவுக்கு வந்தது. காலை மெதுவாக எடுத்தேன். உறுமிக்கொண்டு ஓடியது. அந்த வசதியை நிறுத்தவும் ஒரு பொத்தான் உண்டு. ஆனால் இருபது பொத்தான்களில் அது எது என்று எனக்குத் தெரியாது. தப்பானதைத் தொட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்று இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டேன். பத்து அடி நகர்வதும் நிற்பதும், நின்றதும் இஞ்சின் அணைவதும், நான் சாமியைக் கூப்பிடுவதுமாகப் போயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எண்ணெயும் அதிகம் இல்லை. விற்றவர்கள் ஊற்றிக் கொடுத்த கொஞ்சம்தான். நிரப்ப வேண்டுமானால் வண்டியை அணைக்க வேண்டும். மனைவியைக் கேட்டேன். ஒரு மணிக்கு வேலை முடிந்ததும்தான் சாவியைக் கொண்டுவர முடியும் என்றாள்.

கதவைத் திறந்து இறங்கி ஓடலாமா என்று தோன்றியது. ஓடினால் எங்கே ஓடுவது, கடலுக்குள்ளா? அவ்வளவு பெரிய வண்டிக்குள் எனக்கு மூச்சு முட்டியது. ஆறு காலி இருக்கைகளும் உறை பிரிக்காத பிளாஸ்டிக்கோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரிடமும் சொல்லாத ஒன்று அப்போதுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அன்றைக்கு என் பழைய கார் நின்றபோது மணி ஒன்பதுதான். கையைக் காட்டியிருந்தால் யாராவது ஏற்றிக்கொண்டிருப்பார்கள். டாக்சிக்குப் போன் செய்திருந்தால் பத்து மணிக்குச் சேலையோடு போய் நின்றிருப்பேன். நான் செய்யவில்லை. நம்மால் சரி செய்ய முடியாத வண்டியா என்று அதற்கடியில் படுத்தேன். ஒரு திருகு, இன்னொரு திருகு, இதோ இப்போது ஓடிவிடும் என்று மூன்று மணி நேரம். அக்கா ஈரத் தலையோடு எனக்காக உட்கார்ந்திருந்தபோது நான் ஒரு தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது பொய் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மை என்பதால்தான் வந்தது.

பத்தாவதற்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது பாலம் வழிவிட்டது. மிதித்தேன்.

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது பத்தாக இரண்டு நிமிஷம். கார் நிறுத்துமிடத்தில் 'நிறைந்துவிட்டது' என்ற பலகை. ஒரு சுற்று வந்தேன். இடுக்கில் ஓர் இடம் தெரிந்தது. பின்பக்கமாக நுழைக்கலாம் என்று பார்த்தால் திரையில் ஒரே சந்தன நிறம். கேமராவுக்குத்தான் பொட்டு வைத்தாயிற்றே. வண்டி வேறு நாலா பக்கமும் பீப் பீப் என்று அலறியது. அதற்குள் ஒரு சின்னக் கார் அந்த இடத்தில் புகுந்துகொண்டது. இரண்டாவது சுற்று. ஆட்களை இறக்கிவிடும் வாசலில் நிறுத்தினேன். காவலுக்கு நின்ற ஜாகா ஓடி வந்து, இங்கே நிறுத்தக்கூடாது, நகருங்கள் என்று மலாயில் சத்தம் போட்டார். நகர்ந்தேன். மூன்றாவது சுற்று.

"மாமா," ஒலிபெருக்கியில் அக்கா மகள் அழுதாள். "டிராலியில ஏத்திட்டாங்க மாமா. மூணாவது மாடி, லிஃப்ட் கிட்ட. அம்மா வாசலயே பாத்துக்கிட்டு இருக்காங்க."

மறுபடியும் அந்த வாசல். மறுபடியும் அதே ஜாகா, கையைத் தூக்கிக்கொண்டு. ஓடவிட்டு இறங்கினால் எவனாவது ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். புது வண்டி, கதவைக்கூடப் பூட்ட முடியாது. அணைத்தால் அந்த வழியே அடைபடும். வண்டியா அக்காவா என்று யோசிக்க வேண்டிய விஷயமா இது? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன். ஒரு நாலைந்து விநாடி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, யோசித்தேன்.

பிறகு பொத்தானை அழுத்தினேன்.

ஒரு மணி நேரமாகக் காதில் இரைந்துகொண்டிருந்தது அடங்கியது. திரை கறுத்தது. நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். ஜாகா கத்தினார். பின்னாலிருந்த கார்கள் ஹாரன் அடித்தன. "ஸ்டார்ட் ஆகாதுங்க, மன்னிச்சிருங்க!" என்று தமிழிலேயே அவரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஆம்புலன்சுக்குத் தனி வழி இருந்தது என்பதை ஓடும்போதுதான் பார்த்துக்கொண்டேன். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் மூன்று மாடி ஏறினேன்.

அக்கா டிராலியில் படுத்திருந்தாள். தலையில் பச்சைத் தொப்பி. பாதியாக இளைத்துப்போயிருந்தாள். தாதி டிராலியை லிஃப்டுக்குள் தள்ளப் போனவர், என்னைப் பார்த்து நின்றார். எனக்கு மூச்சு வாங்கியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"காடிய எங்கடா விட்ட?"

"வாசல்லயேக்கா. வழி நடுவுல."

"வழி நடுவுலயா? ஏன்டா?"

"அணைச்சிட்டேன். இனிமே ஸ்டார்ட் ஆகாது."

"அப்ப நீ எப்படிப் போவ?"

"நான் போகலக்கா," என்றேன்.

அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரிவதற்குள் தாதி டிராலியை உள்ளே தள்ளிவிட்டார். என் மணிக்கட்டை அவள் கடைசியாகத்தான் விட்டாள்.

அக்கா மகளோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மருத்துவமனை ஒலிபெருக்கியில் என் வண்டி எண்ணைச் சொல்லி, உரிமையாளர் உடனே வாசலுக்கு வரவும் என்று மலாயில் அழைத்தார்கள். பிறகு ஆங்கிலத்தில். பிறகு மறுபடியும் மலாயில்.

"மாமா, அது உங்க காடி நம்பர் இல்ல?" என்றாள் அவள்.

"ஆமாம்மா," என்றேன். சாவி வரும்வரை கீழே போயும் பயனில்லை. சாவி வந்திருந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். மத்தியானம் இரண்டரைக்கு அக்காவைக் கண் விழித்த நிலையில் வெளியே கொண்டுவந்தபோது, நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன்.