எண்ணெய் தடவியது நான்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள், சரி என்று உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுவது, எழுந்து வாசலுக்குப் போவது, வந்து கிழிப்பது என்றே பத்து நாள் போயிற்று. நல்லவர், உழைப்பாளி என்று மட்டும் எழுதிவிட்டு நழுவ மனம் வரவில்லை. அவர் பேரில் ஒரு பழி கிடக்கிறது. அதை இறக்காமல் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகக் கூடாது.

அண்ணன் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் பிறந்தவர். மரவள்ளியும் மிளகும் போட்ட குடும்பம். அப்பா சீக்கிரமே தவறிவிட, பள்ளிக்கூடத்தை விட்டு மலையிறங்கி முள்ளுக்குறிச்சியில் கட்டட வேலைக்குப் போனார். பிறகு ஒரு சைக்கிள் கடையில் தொழில் கற்றார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். சும்மா இருக்கவே தெரியாத மனிதர். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட பந்தியில் உட்காராமல், வெளியே நிற்கும் சைக்கிள்களின் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லோரும் பைக் வாங்கியபின் கீழே வீட்டுக்கு வீடு சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஓட்டாத சைக்கிள் இருந்தாக் குடுங்க. மேல சனம் நடந்தே சாகுதுங்க" என்று வாசல் வாசலாகக் கேட்டு வாங்கினார். முள்ளுக்குறிச்சியில் தகரக் கொட்டகை போட்டு, பழுது பார்த்து, லாரியில் மலையேற்றி, இல்லாதவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார். மலையில் ஏற்றத்தில் யாரும் மிதிப்பதில்லை. மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். இறக்கத்தில்தான் ஏறி உட்காருவார்கள். அதனால் அண்ணன் பிரேக்கை மட்டும் மூன்று முறை பார்ப்பார். நானும் கொட்டகையில் கூடமாட வேலை செய்தேன்.

ஒரு நாள் மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பன்னிரண்டு சைக்கிள் கொடுக்க ஏற்பாடு. போட்டோ எடுக்கிறார்களே, பளபளவென்று இருக்கட்டும் என்று, அண்ணன் பிரேக் பார்த்து முடித்தபின் நான் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். சக்கரத்து ரிம்மையும் விடவில்லை. பிரேக் கட்டை போய்ப் பிடிப்பது அந்த ரிம்மைத்தான். அத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்! முதல் சைக்கிளை வாங்கியவர் அங்கன்வாடியில் வேலை செய்யும் செல்லாயி அக்கா. தன் ஊருக்குப் போகும் இறக்கத்தில் பிரேக் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். வலது கை முறிந்துவிட்டது.

அண்ணன் ஓடிப் போய் அவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். பிறகு ரிம்மை விரலால் தடவி மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தைப் பார்த்து, "என் தப்புங்க. பிரேக்கை நான் சரியாப் பாக்காம உட்டுட்டேன்" என்றார். மீதிச் சைக்கிள்களைப் பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்கிச் சோப்புத் தண்ணீரில் கழுவினார்.

அதன்பின் பேசாத வாய் இல்லை. ஓசியில் கொடுத்து ஆளைக் கொல்லப் பார்த்தவன் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். செல்லாயி அக்காவின் கை எலும்பு கூடும் வரை அண்ணன் வாரம் தவறாமல் மலையேறி அவர் காட்டில் வேலை செய்தார். வரப்பில் நின்று அக்கா ஏச ஏச, தலை நிமிராமல் மரவள்ளி பிடுங்குவார்.

"அண்ணா, நான் போயிச் சொல்லிப்போடறேன்" என்றேன் ஒருநாள்.

"சும்மா இரு அம்மிணி. என்னைய ஏசுனா நான் தாங்கிக்குவேன். உன்னைய ஏசுனா நீ கொட்டகைப் பக்கமே வரமாட்ட. எனக்கு வேலைக்கு ஆள் வேணும்" என்றார்.

எனக்கும் அது வசதியாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல? கடைசியில் நுரையீரல் நோயில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அவர் எந்தச் சைக்கிளுக்குச் செயின் மாற்ற வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதாவது எல்லோர் முன்னும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வாரம் செல்லாயி அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அடிப்பாவி! அந்த மனுசனை நான் என்னென்ன பேச்சுப் பேசினேன்! எல்லாத்தையும் நின்னு கேட்டுக்கிட்டாரே. இப்ப நான் யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கறது?"

வீட்டுக்கு வந்து எழுதியதைத்தான் கிழிக்கவில்லை.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவர்களுக்கும், கொட்டகையை இன்றும் பூட்டாமல் நடத்தும் நண்பர்களுக்கும், சைக்கிள் தந்த வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் அன்று அண்ணனை ஏசியவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அது எனக்கு வந்திருக்க வேண்டிய ஏச்சு. நினைவு நாள் பந்தி முடிந்ததும் நான் வாசலில்தான் நிற்பேன். அவரிடம் சொன்னதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கண்ணீருடன்,
தங்கை