கட்டைவிரலின் அழுத்தம்

பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு சின்ன எஃகு வளையம் செய்கிறோம். வெளிநாட்டில் ரைஃபிள் சுடுகிறவர்கள் சிலர் தோட்டாவைத் தாங்களே பொருத்திச் செய்துகொள்வார்களாம். குண்டு பித்தளைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளக்க இந்த வளையம் வேண்டும். குண்டின் முனை ஒன்றுபோல் இருக்காது. அதனால் வளையத்தைக் குண்டின் சரிவில் உட்காரவைத்து, அங்கிருந்து தோட்டாவின் அடிவரை வெர்னியரில் அளப்பார்கள். எங்களிடம் வெடிமருந்தில்லாத மாதிரித் தோட்டாக்கள் உண்டு. ஒவ்வொரு வளையத்தையும் அதில் வைத்துப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மா இதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறாள்.

சேர்ந்த இரண்டாம் மாதம், லேத்தில் இருக்கும் அக்கா கொண்டுவந்த நாற்பது வளையங்களும் அளவு குறைவாகக் காட்டின. துளை பெரிதானால் வளையம் கீழே இறங்கி அப்படித்தான் காட்டும்.

"அழுத்தாத தம்பி. சும்மா தொட்டா மாதிரி வச்சு எடு," என்றார்.

"டைட்டா வச்சாதான்க்கா கரெக்டா வரும். காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

அப்படி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பக்கத்து மிஷின்காரர் சிரித்தார். "இன்னாக்கா, டிப்ளமாவுக்கே கிளாஸ் எடுக்குற?"

நாற்பதையும் கழித்துவிட்டேன். கழித்த வளையத்துக்குச் செய்தவரே சிவப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். நாற்பதுக்கும் அக்காவே அடித்தார். மறுநாள் அவரைப் பிசிர் தேய்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்றைக்கே வேறொருவர் செய்த வளையங்களும் குறைவாகக் காட்டின. மாதிரித் தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்தேன். குண்டைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருந்தது. என் கட்டைவிரல் அழுத்திய அழுத்தில் வளையம் குண்டின் செம்பு உறையைக் கீறிக்கொண்டு இறங்கியிருக்கிறது. வேறொரு மாதிரித் தோட்டாவில், விரலைத் தளர்த்தி, அக்காவின் சிவப்பு வளையம் ஒன்றை வைத்தேன். அளவு சரியாக இருந்தது.

அன்று வந்த பெட்டியைத் திரும்ப அளந்து கையெழுத்துப் போட்டேன். அக்காவின் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு நாள், அவர் மேசை தெரியாத பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். பதின்மூன்றாம் நாள் டிபன் பாக்ஸை மூடினேன். எழுந்து அக்காவின் மேசைக்குப் போனேன்.

"அக்கா, உங்க ரிங்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"தெரியும்," என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல். "நான் போட்ட துளை எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்றியா இல்லியான்னுதான் பாத்துனு இருந்தேன்."

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "ஆய்த்தல்லப்பா, பிடு," என்றார், முடிந்ததை விடு என்று கன்னடத்தில். "இப்ப போய் சொன்னா உன் பேச்ச இங்க எவன் கேப்பான்?"

ஆனாலும் கழித்ததை ரத்துசெய்யும் படிவத்தை எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'அளந்தவர் தவறு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அக்கா லேத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போதெல்லாம் பெட்டியைத் தருவதற்குமுன் ஒவ்வொரு வளையத்தையும் தானே அளந்து, எண்களை ஒரு சீட்டில் எழுதி மேலே வைத்துவிடுகிறார். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.