ஆரை நம்பி நிக்கான்?

டவுண் ரத வீதியில் நடந்த யுத்தக் கூட்டத்தில், பேச எழுந்த மனிதர் மேஜையைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்ற சாயங்காலம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. அவர் பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியர். நான் அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்தவன்; அவர் பேச்சுக்கு ஊர் ஊராய்ப் போய் ஆள் கூட்டியவன்.

ஜெர்மனியோடு சண்டை தொடங்கியதிலிருந்து பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டங்களில் பேசத் தாசில்தார் அவரைத்தான் அழைப்பார். மேற்கே இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும், கிழக்கே ருசியாக்காரரும் ஒரு தாய் மக்களாய் நெருக்குகிறார்கள், எதிரி எத்தனை காலம் தாங்குவான் என்று அவர் கேட்டால் கூட்டம் கைதட்டும். அதைக் கேட்டுத்தான் அவருடைய பழைய மாணவன், வண்ணார்பேட்டையில் வயல் உழும் சம்சாரி ஒருவரின் ஒரே மகன், பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலேறினான்.

பிறகு ருசியாவில் ராஜா விழுந்தார். பின்பு ஆட்சியைப் பிடித்த புரட்சிக்காரர்கள் சண்டையிலிருந்து விலகிக்கொண்டார்கள். ஜனங்கள் கலங்காதிருக்க நாலு வார்த்தை சொல்லத்தான் அன்றைக்கு அவரை மேடையேற்றியிருந்தார்கள். மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசினார்.

“அந்த மூணு தேசத்துக்கும் எதிரி ஒருத்தன்தான்; ஆசை ஒண்ணில்ல. ஒருத்தருக்குக் கடல்வழி வேணும், ஒருத்தருக்குப் பறிபோன நிலம் வேணும். ரொட்டிக்கு ஜனங்க தவிக்கையில ராஜா கொடுத்த வாக்கை எவன் காப்பாத்துவான்? இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும். தெரிஞ்சுதான் ஒரு தாய் மக்கள்னு சொன்னேன்.”

தாசில்தார் முகம் கறுத்தது. அந்தச் சம்சாரி எழுந்தார். சத்தம் போடவில்லை.

“அப்ப எம் பிள்ள ஆரை நம்பி அங்கன நிக்கான், ஐயா?”

ஆசிரியர் மேடையிலிருந்து இறங்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய வேலை போயிற்று. டவுணுக்குப் போக வண்ணார்பேட்டையைத் தாண்டியாக வேண்டும். அதனாலேயே டவுணுக்குப் போவதை விட்டுவிட்டார்.

சண்டை முடிந்து பையன் திரும்பினான். ஒரு காலை இழுத்துக்கொண்டு, பஸ்ராப் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு அவர் வாசலில் வந்து நின்றான். நானும் அங்கே இருந்தேன்.

“உன் முகத்துல முழிக்க எனக்கு யோக்கியதை இல்லலே,” என்றார் ஆசிரியர்.

“ருசியாக்காரனைக் குத்தம் சொல்லி என்ன சார்? வழி கெடச்சிருந்தா நானும் பாதியிலயே வீடு வந்திருப்பேன்.”

அவர் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இன்னொரு யுத்தம். நேச தேசங்களைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லியனுப்பினேன். மேடையில் நின்று உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. எனக்கு இந்த வயதிலும் இல்லை.