செண்பகம் சேர்த்த புத்தகங்கள்

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது செண்பகத்துக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் பரசுராமன் அரிசி ஆலையில் மேஸ்திரி. ஊரே காலியானபோது அவர்களும் மற்றத் தமிழர்களோடு சேர்ந்து அரக்கான் மலைப்பாதையில் நடந்தார்கள். ஒரு மூங்கில் காட்டில் கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள். செண்பகத்தின் கம்மல் திருகாணி சீக்கிரம் கழலவில்லை. அவ்வளவு நேரம் பொறுக்காத ஒருவன் காதோடு பிய்த்து எடுத்தான். பரசுராமன் அவன்மேல் பாய்ந்தான். பக்கத்தில் நின்றவன் நீளக் கத்தியை வீச, வெட்டு தொடையில் விழுந்தது.

ரத்தம் துடித்துத் துடித்துப் பீறிட்டது. கூட வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் புகையிலையை மென்று அப்பினார். ஒருத்தி ஈரமண்ணை அள்ளி வைத்தாள். செண்பகம் இரண்டு கைகளாலும் காயத்தைப் பொத்தினாள். விரலிடுக்கில் வெதுவெதுவென்று வழிந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வழிவதும் நின்றுபோனது.

பின்னால் வந்த தோட்டத்துக் கம்பவுண்டர் ஒருவர் பிணத்தைக் குனிந்து பார்த்தார். "வெட்டுக்கு மேலே துணியைச் சுத்தி, ஒரு குச்சியைச் சொருகி முறுக்கியிருந்தா பொழைச்சிருப்பாரும்மா" என்றார். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். செண்பகத்தின் உடம்பில் ஆறு கஜம் புடவை இருந்தது.

ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருந்த பிறந்த வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். மகனுக்குத் தெரியாமல் ஏரிக்கு அப்பால் இருந்த கரம்பு நிலத்தை மகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டுச் செத்தார். அண்ணன் வீரராகவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடு மேய்க்கக்கூட ஆகாத நிலம் அது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குடிசையைக் காட்டி, "இங்கயே கெட" என்றான்.

அவள் கோழி வளர்த்தாள். முட்டைக் கூடையோடு பாசஞ்சர் ரயிலில் பட்டணம் போய்விட்டுத் திரும்பும்போது பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட்டுக்குள் நுழைவாள். ஆரம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்துக்கூட்டாமல் வேகமாக வாசிப்பாள். முதலில் வாங்கியது முதலுதவிப் புத்தகம். ரத்தப்போக்கு என்ற பக்கத்தைக் கடையிலேயே நின்றபடி படித்தாள். படத்தில் துணியும் குச்சியும் அப்படியே இருந்தன. கடைக்காரர் அப்துல் வஹாப் பழவேற்காட்டுக்காரர். அவள் அழுவதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு எந்த வழியில் மனுஷனுக்குச் சாவு வரும் என்று யோசித்து யோசித்துப் புத்தகம் தேடினாள். பாம்புக்கடி, பிரசவம், கிணறு வெட்டுதல், செங்கல் சூளை, மாட்டு வியாதி, புயலில் கூரையைக் காப்பது, பஞ்சத்தில் தின்னக்கூடிய கிழங்குகள்.

"இன்னாம்மா, இந்தவாட்டி எந்த எமனுக்கு மருந்து?" என்பார் வஹாப்.

"தண்ணி கெடைக்காம சாவறதுக்கு பாய்."

மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அலமாரி அடித்தாள். கறையான் வராமல் இருக்க வேப்பிலையும் வசம்பும் போட்டாள். ஒருநாள் வஹாப் ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தைக் கொடுத்தார். இங்கிலீஷ் புத்தகம், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படம். காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட சிப்பாய் எப்படித் தண்ணீர் எடுப்பது, கண்ணி வைப்பது, கத்தியால் எதிரியை எங்கே குத்துவது என்று வரைந்திருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளம் எடைக்குப் போட்டதில் வந்தது. அரக்கான் மலைக்காடு அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதையும் வாங்கினாள்.

கிணற்றுப் புத்தகத்தில் இருந்தபடி, கரம்பு நிலத்தில் எந்தப் புல் கோடையிலும் பச்சையாக நிற்கிறது என்று பார்த்து, அங்கே ஆள் வைத்துத் தோண்டினாள். பாறைக்குப் பக்கவாட்டில் ஊற்றுக்கண் திறந்தது. நல்ல தண்ணீர். அந்த வருஷம் மழை இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. வீரராகவன் கிணற்றடியில் வந்து நின்று எட்டிப் பார்த்தான்.

"பொம்பளைக்கு எதுக்கு நெலம்? கையெழுத்துப் போட்டுக் குடு. ரெண்டு வேளை சோறு நான் போட்றேன்."

"சோறு நான் ஆக்கிக்கிறேன் அண்ணா."

மறுநாள் அவன் பண்ணையாள் சுப்பிரமணி கிணற்றுக்குள் கல்லை உருட்டிக்கொண்டிருந்தான். தடுக்கப் போனவளை மண்வெட்டிக் காம்பால் தோளில் அடித்தான். அவள் விழுந்தாள். எழுந்து, கையில் அகப்பட்ட கல்லால் அவன் நெற்றியைப் பிளந்தாள். ரத்தம் கண்ணை மறைக்க அவன் ஓடினான்.

கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போலீஸ் ஊர் ஊராக அலைந்த காலம் அது. வீரராகவன் போய்ச் சொன்னது ஒரே வரிதான்: "என் தங்கச்சி ஊட்ல வெடிகுண்டு பொஸ்தகம் கீது." வெளியூரிலிருந்து ஒரு போலீஸ் கோஷ்டி ஜீப்பில் வந்து இறங்கியது. பச்சைப் புத்தகத்தைப் புரட்டிய அதிகாரி கத்திப் படம் இருந்த பக்கத்தில் நின்றான்.

"யாருக்குடி இது? காட்ல எவன் ஒளிஞ்சிக்கினு கீறான்?"

"யாரும் இல்ல. நான் படிக்கிறதுக்குத்தான்."

"பொம்பளை படிக்கிற புக்கா இது?"

அலமாரியைக் கவிழ்த்தார்கள். பச்சைப் புத்தகத்தைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முற்றத்தில் குவித்து, அவள் வைத்திருந்த மண்ணெண்ணெயையே ஊற்றிக் கொளுத்தினார்கள். லாக்கப்பில் அவள் கையைப் பெஞ்சின்மேல் விரித்து வைத்து லத்தியால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பேர் கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்த பேர்களில் காட்டில் இருந்தது பரசுராமன் மட்டும்தான். வலியில் அவள் அதையே கத்தினாள். அவர்கள் அதை எழுதிக்கொண்டு அவனைத் தேடினார்கள்.

வலது கையில் மூன்று விரல்கள் ஒடிந்திருந்தன. மூலையில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவினாள். முந்தானையைப் பல்லால் கிழித்தாள். விரலை இழுத்து நேராக்கும்போது இரண்டு முறை மயக்கம் வந்தது. தெளிந்ததும் மறுபடி இழுத்து வைத்துக் கட்டினாள்.

முட்டை விற்கும் பெண்கள் சொல்லி அப்துல் வஹாப் கோர்ட்டுக்கு வந்தார். "ஹுஜூர், இது சர்க்கார் மிலிட்டரியே அச்சடிச்சது. முத்திரை கீது பாருங்க. என் கடையில இன்னும் ஒரு மூட்டை கெடக்குது" என்றார். மாஜிஸ்திரேட் முத்திரையைப் பார்த்தார், செண்பகத்தின் விரல்களைப் பார்த்தார், வழக்கைத் தள்ளினார்.

ஊருக்குத் திரும்பியவள் அண்ணன் வீட்டுப் பக்கமே போகவில்லை. கரம்பிலேயே பனையோலையில் ஒரு குடிசை போட்டாள். அங்கே அவளைத் தேடி வந்த முதல் ஆள் கங்கம்மா, சுப்பிரமணியின் பெண்டாட்டி, ஏழு மாத வயிறு. மடியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தாள். ஓரம் கருகியிருந்தன.

"நெருப்பு வைக்கும்போது ஒரு கையில வாரிக்கினு ஓடிட்டேன்க்கா. எது நல்லதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஒன்று கோழி வளர்ப்பு, மற்றது செங்கல் சூளை. செண்பகம் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். கோர்ட்டிலிருந்து திரும்பியபின் ஊரில் யாரும் அவளிடம் பேசியிருக்கவில்லை.

விஷயம் சுப்பிரமணி காதுக்குப் போனது. "எஜமான் எரிக்க வெச்சத நீ எடுத்துக் குடுக்கறயா?" என்று கங்கம்மாவின் வயிற்றிலேயே உதைத்தான். அவள் வரப்பு வரப்பாகத் தவழ்ந்து, ரத்தம் ஒழுக, நடுப்பகலில் செண்பகத்தின் வாசலில் வந்து விழுந்தாள்.

பிரசவப் புத்தகம் எரிந்துபோயிருந்தது. செண்பகம் கண்ணை மூடிப் பக்கங்களை நினைவுக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர் கொதிக்க வைத்தாள். கைகளைச் சோப்பால் தேய்த்தாள். குழந்தை நீலமாக வந்தது. ஊதிப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள். அசையவில்லை. அடிவயிற்றை அழுத்திப் பிசைந்து கங்கம்மாவின் ரத்தத்தை மட்டும் நிறுத்த முடிந்தது.

சுப்பிரமணி அரிவாளோடு வந்தான். "என் பொண்டாட்டிய வெளிய அனுப்புடி."

செண்பகம் வாசலை அடைத்து நின்றாள். கோணிப்போன விரல்களில் உலக்கை இருந்தது. "உம் புள்ள செத்துப் போச்சி. அத்த வேணும்னா எடுத்துக்கினு போ."

அவன் வெட்டினான். அவள் ஒதுங்க, வெட்டு தோளைக் கீறிக்கொண்டு வாசல்காலில் இறங்கியது. அவன் அரிவாளைப் பிடுங்குவதற்குள் உலக்கை அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் உள்ளே படுத்திருந்த கங்கம்மாவுக்கும் கேட்டது.

அவன் புழுவாகத் துடித்தான். ஆட்கள் கூடினார்கள். வீரராகவனும் வந்தான். "உனுக்குத்தான் கட்டத் தெரியுமே, கட்டிவுடு" என்றான்.

"தெரியும். கட்ட மாட்டேன்."

ஆனால் அவர்கள் அவனை ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் தூக்கியபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "கால அப்படித் தொங்கவுடாதீங்கடா! பலகையை அடியில குடுத்து இறுக்கிக் கட்டுங்க!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். சொன்னபடி கட்டி, வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி போனதும் உலக்கையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். தன் தோளிலும் ரத்தம் வழிவதைக் கங்கம்மா சொல்லித்தான் கவனித்தாள்.

சுப்பிரமணி பிழைத்தான். விந்தி விந்தித்தான் நடந்தான். கேஸ் கொடுத்தால் உதைத்த கதையும் வெளியே வரும் என்பதால் அவனும் எஜமானனும் வாயை மூடிக்கொண்டார்கள். கிணற்றுப் பக்கம் அதன்பின் யாரும் வரவில்லை. கங்கம்மா திரும்பிப் போகவில்லை. கிணற்றில் கிடந்த கற்களை இரண்டு பேரும் கூடை கூடையாக வெளியே எடுத்தார்கள். அடுத்த கோடைக்குள் கத்தரியும் கேழ்வரகும் வந்தன. கங்கம்மாவும் கோழிப் புத்தகத்திலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள். அலமாரி மறுபடி மெல்ல நிறைந்தது. பிரசவப் புத்தகத்தை மட்டும் செண்பகம் இரண்டாக வாங்கினாள், ஒன்றைத் தகரப் பெட்டியில் போட்டு மண்ணில் புதைத்தாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் கங்கம்மாவும் மூர் மார்க்கெட்டுக்கு வந்தாள். வெகுநேரம் புரட்டிவிட்டு, தன் முட்டைக் காசில் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தாள். முழுக்கப் பலகாரப் படம்.

"இதுல உயிர் பொழைக்க இன்னாடி கீது?" என்றாள் செண்பகம்.

"பொழைச்சப்புறம் இன்னாத்தத் துன்றதாம்?"

வஹாப் சிரித்துக்கொண்டே அதைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ரயில் மீஞ்சூர் தாண்டியது. செண்பகம் கையை நீட்டி, "எங்க, குடு பாக்கலாம்" என்றாள்.