தூம்பா அறையின் சாவி

எங்கள் பங்குக்கோயிலில் தூம்பா என்றொரு பெட்டி இருந்தது. கறுப்புத் துணி போர்த்தி, மேலே வெள்ளைச் சிலுவை தைத்திருக்கும். இறந்தவரை அதில் கிடத்திக் கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப் போவார்கள். உடலைக் குழியில் இறக்கியதும் பெட்டி மட்டும் கோயிலுக்குத் திரும்பிவிடும். எல்லாருக்கும் பொது என்று பெயர். எங்கள் சேரிக்கு அது வந்ததில்லை.

பின்னாளில் கர்தினாலாகி ரோமாபுரியில் சமத்துவம் பற்றிப் பேசியவர், அறுபதுகளில் செஞ்சிக் கோட்டையடியில் இருந்த எங்கள் பங்கின் சாமியார். அப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். சைக்கிளில் வருவார், சேரியில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி சாப்பிடுவார். தூம்பா அறையின் சாவி அவருடைய இடைக்கயிற்றில் தொங்கும். என் நைனா சேரியின் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் கற்றுத் தருபவர். காசநோயில் படுத்திருந்தவரிடம் சாமியார் ஒருநாள், "உபதேசியாரே, உங்களுக்கு நான் தூம்பா தர்றேன். இது என் வாக்கு" என்றார். நைனா இருமிக்கொண்டே சிரித்தார். "அதுக்கு நான் சீக்கிரம் போவணுமே, சாமி."

சென்னையில் ஒரு பத்திரிகையில் பிழைதிருத்திக்கொண்டிருந்த நான், நைனா இறந்த தந்தி கிடைத்ததும் பஸ் ஏறினேன். வந்து சேர்ந்தபோது தூம்பா அறையின் முன்னால் ஊர்த்தெரு ஆண்கள் நாற்பது பேர் இருந்தார்கள். கையில் கம்பு இல்லை, கத்தி இல்லை. உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். "அதுல அவன் போனா, நாளைக்கு எங்க ஆளு இன்னாத்துல போறது?" என்றார் ஒருவர். சாமியார் அவர்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு எங்களிடம் வந்தார். சாவி இடுப்பிலேயே இருந்தது.

"பூசை நானே வெக்கிறேன்மா. பெட்டி மட்டும் இந்தத் தடவ வேணாம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அவரு கேட்டாரா, சாமி? நீங்கதானே தர்றேன்னு சொன்னீங்க."

கயிற்றுக் கட்டிலில் கொண்டுபோனோம். கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், எங்களுக்கென்று விட்ட இடத்தில் புதைத்தோம். சாமியார் கூடவே வந்து ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போனார். பிறகு ஆயர், பேராயர், கர்தினால்.

அவர் கர்தினாலுக்குரிய சிவப்புத் தொப்பி பெற்றுத் திரும்பிய வாரம் செய்தியாளனாகப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் அருகே அழைத்தார்.

"உபதேசியார் மகன்தானே? அம்மா இருக்காங்களா?"

"போய்ட்டாங்க, சாமி."

"எதுல கொண்டுபோனீங்க?"

"கட்டில்லதான்."

புகைப்படக்காரர் கூப்பிட்டார், சாமியார் போய் நின்றார்.

அவர் இறந்தபோது வாழ்க்கைக் குறிப்பை எழுதியது நான். செஞ்சிக்கு ஒரு வரி ஒதுக்கினேன்: அங்கே பங்குத்தந்தையாக இருந்தார். அதில் பிழை எதுவும் இல்லை. தேக்குப் பெட்டியோடு அவரைப் பேராலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது சாவு வீடுகளுக்குச் செஞ்சிக் கடைவீதியிலிருந்து ஐஸ் பெட்டி வாடகைக்கு வருகிறது. எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் அப்படியே நிற்கிறது. தூம்பா பழைய அறையில் துணி நைந்து, ஒட்டடை படிந்து கிடந்தது. கதவுக்குப் பூட்டு இல்லை.